குழாய்க்கு இந்தப் பக்கம், அந்தப் பக்கம்

மாபியா பிறந்த தீவில், சீசா என்னும் பகுதியில் பேருந்தை விட்டு இறங்குகிறேன். கார் பட்டறையின் நீளச் சுவரில், வன்னிப் போரில் இறந்த நம்மவர்களுக்கான நினைவோவியம் ஈரம் காயாமல் மினுங்குகிறது. நடுவே மழைநீர்க் குழாய் ஒன்று இறங்குகிறது. அதற்கு இடப்பக்கம் ஒரு சங்கம், வலப்பக்கம் அதிலிருந்து கோபித்துக்கொண்டு பிரிந்த சங்கம். இரண்டிலும் அதே கார்த்திகைப் பூ, அதே விளக்கு. வலப்பக்கப் பூ ஒரு சாண் பெரிது. அதனால் இடப்பக்கத்தார் இன்று ஏணி வைத்துத் தங்கள் பூவை ஒன்றரைச் சாண் வளர்க்கிறார்கள். செத்தவர்களுக்கு இதைவிட வேறென்ன வேண்டும்?

வேலைக்குப் போகும் வெள்ளைக்கார சிஞ்ஞோராவின் வீட்டில் துடைத்துக் கூட்டிவிட்டு நேரே வந்த ஓர் அக்கா, ஏணியில் நிற்பவரிடம் தம்பியின் படத்தை நீட்டுகிறார்.

“அண்ணை, ஒரு மூலையில இவனையும் கீறிவிடுங்கோ.”

அவர் இறங்காமலே கேட்கிறார். “ஆர் சுட்டது?”

“எங்கட ஆக்கள்தான், இயக்கத்துப் பெடியள்.”

“அப்ப எங்கட லிஸ்ற்றில வராது தங்கச்சி. குழாய்க்கு அங்கால கேட்டுப் பாருங்கோ.”

“அவையள்தான் உங்களிட்டைப் போகச் சொன்னவை.”

தூரிகை பூவுக்குத் திரும்பிவிடுகிறது.

அக்கா தெருவைக் கடக்கிறார். எதிர்ச்சுவர் ஓவியத்தில், மாபியாவுக்குப் பணியாமல் சூடுபட்டுச் செத்த ஒரு ரொட்டிக்கடைக்காரர் மாவுக் கையோடு சிரிக்கிறார். அவருடைய காலடியில் அக்கா தம்பியின் படத்தைச் சாத்தி, கைப்பையிலிருந்து மெழுகுதிரி எடுத்துக் கொளுத்துகிறார்.

“இவர் உங்களுக்கு ஆர் அக்கா?” என்கிறேன்.

“ஒருத்தருமில்லை. இவரையும் சொந்த ஊராக்கள்தான் சுட்டவை. இஞ்சை அதைச் சுவரிலேயே எழுதி வைச்சிருக்கினம்.”