சஹன் வாங்குற இடத்தில் வைஃபை

அந்தச் சனிக்கிழமை பின்னேரம் எங்கள் வீட்டில் யார் யார் இருந்தார்கள் என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன். ஹோலில் என் மகள் ஸுமையா. அவள் முன்னால் நிறுத்தி வைத்திருந்த போனுக்குள், டோஹாவில் இருந்து ஒரு தாயும் அவருடைய ஏழு வயது மகளும். பின்னால் குசினியில், அடுப்போடு நான். வகுப்பு பாதியில் இருக்கும்போது வாசலில் ஸலாம் சொல்லிக்கொண்டு வந்தவர்கள் இரண்டு பேர் — என் கணவரும், அவருடைய கூட்டாளி மன்சூர் நானாவும். வேறு யாரும் இல்லை. பூனையை நான் கணக்கில் சேர்க்கவில்லை.

அது சாதாரண வகுப்பு இல்லை. வெளிநாட்டில் வளரும் பிள்ளைகளுக்கு ஒன்லைனில் தமிழ் படிப்பிக்க ஸுமையாவுக்குக் கிடைத்த முதல் வாய்ப்பு. பரீட்சார்த்த வகுப்பு. பிடித்தால் தொடருவார்கள். பிடிக்காவிட்டால்... அந்த 'விட்டால்' என்ற சொல்லோடுதான் நான் ஒரு கிழமையாகப் படுத்து எழும்பிக்கொண்டிருந்தேன்.

எங்கள் வீடு நீளமான வீடு. கற்பிட்டியில் பழைய வீடுகள் பலதும் இப்படித்தான். ரவுட்டர் முன் ஹோலில். வெளி ஆட்கள் வந்தால் பெண்கள் ஹோலில் இருப்பதில்லை. திரையைத் தள்ளிக்கொண்டு உள்வாசலால் உள்ளே போய்விடுவோம். ஸுமையாவும் அதைத்தான் செய்தாள். போனைத் தூக்கிக்கொண்டு, படிப்பிப்பதை நிறுத்தாமல், தன் அறைக்கு நடந்தாள்.

அப்போது அவள் சொல்லிக் கொடுத்துக்கொண்டிருந்தது 'ழ'.

நாக்கை மடித்து, வாயைத் திறந்து, "வா...ழை" என்று ஆரம்பித்தாள் பாருங்கள் — அந்த இடத்தில் லைன் செத்துப்போனது. டோஹாவில் அந்தப் பிள்ளை என்ன பார்த்திருக்கும்? திறந்த வாயும் மடிந்த நாக்குமாய் அசையாமல் நிற்கும் ஒரு டீச்சரை.

தாய் கோபப்படவில்லை. பிறகு கோல் எடுத்துக் கதைத்தார். "டீச்சர், நீங்க நல்லாத்தான் சொல்லிக் குடுக்கிறீங்க. ஆனா இவ விழுந்து விழுந்து சிரிக்கிறா, ஒன்டும் படிக்கல்ல. வாற சனிக்கிழமை ஒருக்காப் பாப்பம். சரிவந்தா எங்கட ஃப்ளாட்ல இன்னும் நாலு பிள்ளைகள் இருக்கு."

மகள் அழவில்லை. அவள் அழாவிட்டால் எனக்கு இன்னும் பயம்.

அறையும் குசினியும் இருக்கிற அந்தப் பின் பகுதியைப் பற்றி உங்களுக்கு ஒரு இரகசியம் சொல்ல வேண்டும். அங்கே வைஃபையும் இல்லை, போன் சிக்னலும் ஒரு கோடுதான். எனக்கு அது ஒரு வசதி. கதைக்க விருப்பமில்லாத ஆள் எடுத்தால், "ஆ... சொல்லுங்க..." என்றபடி குசினிக்குள் நடந்துவிடுவேன். "கேக்குதில்ல... ஹலோ... லைன் கிளியர் இல்ல..." அவ்வளவுதான். பொய்யும் இல்லை, பகையும் இல்லை.

ஆனால் மகளின் தொழில் என்று வந்தபிறகு என் வசதியைப் பார்க்க முடியுமா?

"மெஷ் ஒன்டு வாங்கணும்," என்றேன் இரவுச் சாப்பாட்டில். ஸுமையா தேடிக் கண்டுபிடித்துச் சொன்ன பேர் அது.

என் கணவர் மீன்வலை விற்பவர். அவருக்கு மெஷ் என்றால் வலைக் கண். கறியைப் பிசைந்தபடியே கேட்டார். "எத்தின இஞ்சி?"

"வாப்பா, இது வைஃபை மெஷ்."

"அதுக்கும் கண் இருக்குமே. பெரிய கண்ணா, சின்னக் கண்ணா?"

"நீங்க சாப்பிடுங்க," என்றேன்.

திங்கட்கிழமை நானும் மகளும் பஸ் ஏறிப் புத்தளம் டவுனுக்குப் போனோம். ஒன்பதாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவள் நான். இப்படியான கடைக்குள் நுழையும்போது கைப்பையை இரண்டு கையாலும் பிடித்துக்கொள்வேன். ஏன் என்று கேட்காதீர்கள். அதில் ஒரு தைரியம்.

கடைக்காரத் தம்பி முதலில் காட்டியது ஆறு அன்டனா வைத்த ஒரு கறுப்பு ரவுட்டர். இறால் மாதிரி மீசை. எனக்குப் பார்த்தவுடன் பிடித்துவிட்டது. பயமுறுத்துகிற சாமான் நல்ல சாமானாகத்தான் இருக்கும் என்று ஒரு எண்ணம்.

அவர்தான் தடுத்தார். "வீட்டுச் சுவர் என்ன கல் ராத்தா?"

"முன் பக்கம் மாமனார் கட்டினது. முருகைக்கல்லும் சுண்ணாம்பும். ஒரு முழத்துக்குத் தடிப்பு."

"அப்ப இது வேணாம். எவ்வளவு கத்தினாலும் அந்தச் சுவருக்கு அங்கால கேக்காது. ரெண்டு பேரை ரெண்டு இடத்தில வெச்சு மெதுவாக் கதைக்க வைக்கிறதுதான் நல்லம்."

அந்த இரண்டு பேர்தான் மெஷ். கவிழ்த்து வைத்த தேத்தண்ணிக் கோப்பை மாதிரி இரண்டு வெள்ளைப் பெட்டிகள். இதைவிட மலிவாக, ப்ளக்கில் குத்துகிற இன்னொன்றும் காட்டினார். ஆனால் அதில் வேகம் பாதியாகிவிடுமாம்; ஒரு வைஃபையை விட்டு இன்னொன்றுக்கு மாறும்போது வகுப்பு அறுந்தாலும் அறுமாம். மெஷ்ஷில் நடந்துகொண்டே கதைக்கலாமாம். நடந்துகொண்டே — அந்தச் சொல்லில் மகள் என்னைப் பார்த்தாள். தீர்ந்தது கதை.

என் கேள்விகள் தீரவில்லை. இடி மின்னலுக்கு என்ன ஆகும்? கடல் காத்து, உப்பு — எங்கள் வீட்டில் ஃப்ரிட்ஜின் கால் உப்பில் கரைந்து செங்கல்லில் நிற்கிறது. இரவு முழுக்க எரிந்தால் சூடாகாதா? மூன்றாவதாக ஒன்று வாங்கி வைத்தால் நல்லமா, ஒன்று பழுதானால்...?

"மூணு வாங்கினா மூணும் பழுதாகும் ராத்தா. ரெண்டு போதும்."

விலை இருபத்தெட்டாயிரத்து ஐந்நூறு. என் சீட்டுக் காசில் பத்தொன்பதாயிரத்தை எடுத்து மேசையில் வைத்தேன். "மிச்சம், இது வேல செஞ்சா."

மகள் வெட்கத்தில் வேறு பக்கம் பார்த்தாள். அவர் சிரித்தார். "சரி. வேல செஞ்சாப் பிறகு நானே கோல் எடுக்கிறன்."

வீட்டுக்கு வந்து ஒரு பெட்டியை ஹோலில் ரவுட்டரோடு இணைத்தோம். இரண்டாவது? மகளின் அறையில்தானே சிக்னல் இல்லை. அப்போ அங்கேதானே வைக்க வேண்டும். ஆனால் யன்னலைத் திறந்தால் உப்புக் காத்து. வருகிற போகிற ஆட்களின் கண் வேறு. நான் நிறைய யோசித்தேன். யோசித்து, அதை அவளுடைய இரும்பு அலுமாரிக்குள் வைத்தேன். வயர் போக என் கணவர் பின்னால் ஓட்டை போட்டுக் கொடுத்தார். கதவைப் பூட்டி, சாவியை இடுப்பில் செருகிக்கொண்டேன்.

வெள்ளிக்கிழமை மகள் சோதித்துப் பார்த்தாள். ஒன்றும் இல்லை. வைஃபையில் ஒரு கோடுகூட வரவில்லை. பெட்டியில் சிவப்பு லைட் எரிந்துகொண்டிருந்திருக்கும். யாருக்குத் தெரியும்? அதுதான் அலுமாரிக்குள் இருக்கிறதே.

விடிந்தால் சனி. ஹோலுக்கு ஓடிப்போய்க் கடைக்காரத் தம்பிக்கு எடுத்தேன்.

"எங்க வெச்சீங்க ராத்தா?"

"அலுமாரிக்குள்ள."

"மர அலுமாரியா?"

"இரும்பு."

லைன் போய்விட்டது என்று நினைத்தேன். இல்லை, மனுசன் சிரிப்பை அடக்கிக்கொண்டிருந்திருக்கிறார்.

"ராத்தா, அத வெளிய எடுங்க. அறையிலயும் வெக்காதீங்க. சிக்னல் இல்லாத இடத்தில வெச்சா அது எங்க இருந்து எடுத்துக் குடுக்கிற? அதுவே பசியில கிடக்கும். முன்னால இருக்கிறதோட கை எட்டுற இடத்தில வைங்க."

கை எட்டுற இடம்.

அதைக் கேட்டவுடன் எனக்கு விளங்கிவிட்டது. எங்கள் வீட்டு விருந்துகளில் சஹன் போகும் — ஆறு பேர் சுற்றி இருந்து சாப்பிடும் பெரிய தட்டம். குசினியில் சோறு போடுவோம். ஹோலில் ஆண்கள். நடுவில், உள்வாசல் திரையோரம் ஒரு ஆள் நிற்க வேண்டும் — இந்தக் கையால் வாங்கி அந்தக் கையால் கொடுக்க. அந்த ஆள் போய் ஹோலின் அந்தக் கடைசித் தொங்கலில் நின்றால் சஹன் போய்ச் சேருமா?

இருபது வருஷமாக அந்த இடத்தில் நிற்கிற ஆள் யார்? நான்தான். எனக்கே அது தோன்றவில்லை என்றால் பாருங்கள்.

உள்வாசல் ஓரத்தில், அயன் பண்ணுகிற ப்ளக்குக்கு மேலே ஒரு சின்னத் தட்டு இருக்கிறது. பெட்டியை அங்கே வைத்தேன். சிவப்பு மஞ்சளாகி, மஞ்சள் பச்சையானது. இத்தனை காலமும் அந்த வாசலால் உள்ளே இருந்து வெளியேதான் எல்லாம் போனது. இப்போதுதான் ஒன்று வெளியே இருந்து உள்ளே வருகிறது.

மறுநாள் பின்னேரம் ஸுமையா ஹோலில் வகுப்பைத் தொடங்கினாள். அதே நேரத்துக்கு மன்சூர் நானாவும் வந்தார். என் கணவர் வாசலிலேயே மறித்து, "மெதுவா வா, வகுப்பு நடக்குது," என்றார்.

"நான் என்ன செஞ்ச? போன முறையும் ஸலாம்தானே சொன்ன," என்று மன்சூர் நானா முணுமுணுத்தார்.

மகள் போனோடு எழும்பினாள். நான் திரையோரம் நின்றுகொண்டு ஓதாத துஆ இல்லை. அவள் என்னைத் தாண்டினாள். பெட்டியைத் தாண்டினாள். அறைக்குள் போனாள்.

"வாழைப்பழம்," என்றாள்.

"வாளப்பளம்," என்றது டோஹா.

"வா...ழைப்...பழம்."

"வாழைப்பழம்."

ஒரு எழுத்துக்கூட அறவில்லை. கடைசியில் அந்தப் பிள்ளைக்கு ஒரு குறை. "டீச்சர், போன முறை மாதிரி வாயத் திறந்துக்கிட்டு அசையாம இருங்களேன்."

ஸுமையா இருந்து காட்டினாள். தாயும் சிரித்தார். வாற மாதத்தில் இருந்து ஐந்து பிள்ளைகள்.

இரவு படுத்துக்கொண்டு யோசித்தேன். இல்லாத இடத்தில் போய் நின்றுகொண்டு, இல்லையே இல்லையே என்று கவலைப்படுவதுதான் என் வழக்கம். அந்தப் பெட்டியும் அலுமாரிக்குள் அதைத்தான் செய்தது. இருக்கிற இடத்தின் கை எட்டும் தூரத்தில் நின்றால், இல்லாத இடத்துக்கும் கொஞ்சம் போய்ச் சேரும் போல.

நல்ல யோசனை. ஒரு நாள் நிம்மதியாக இருந்தேன்.

நேற்று போன் அடித்தது. கடைக்காரத் தம்பி. மிச்சக் காசுக்கு மகளின் முதல் சம்பளம் வரட்டும் என்று நான் நினைத்திருந்தேன். அதை விளக்கிக்கொண்டிருக்க வெட்கம். வழக்கம் போல, "ஆ... சொல்லுங்க தம்பி..." என்றபடி குசினிக்குள் நடந்தேன். உள்வாசலைத் தாண்டினேன். அறையைத் தாண்டினேன். அடுப்படி மூலை வரைக்கும் போய், "ஹலோ... கேக்குதில்ல..." என்றேன்.

அவர் வட்ஸ்அப்பில் எடுத்திருக்கிறார். பக்கத்தில் நின்று சொல்வதுபோல, அவ்வளவு தெளிவாகக் கேட்டது:

"ராத்தா, ஒன்பதாயிரத்து ஐந்நூறு."