குடிக்காத நஞ்சு

என் மனிசன் நஞ்சு குடிக்கவில்லை. இதை முதல் வரியிலேயே சொல்லி வைக்கிறேன். ஏனென்றால் இத்தனை வருடமாக நான் இந்தக் கதையை எங்கே தொடங்கினாலும், பாதியில் யாராவது ஒருவர் குரலைத் தாழ்த்தி, "அப்ப என்ன பிரச்சினையில குடிச்சவர்?" என்று கேட்டுவிடுகிறார்கள். பரிதாபமாகத்தான் கேட்கிறார்கள். அந்தப் பரிதாபத்தைக் கண்டால் எனக்கு இன்னும் பற்றிக்கொண்டு வரும்.

நாங்கள் கடற்கரைச் சனம். முல்லைத்தீவுக் கரையில் வள்ளமும் வலையுமாக இருந்தவர்கள். தொண்ணூறுகளின் நடுவில் யுத்தத்தால் கரையை விட்டு எழும்பி, தண்ணீரூற்றில் கொஞ்சக் காலம், பிறகு இன்னோரிடம் என்று அலைந்து, கடைசியில் விசுவமடுவில் ஒரு மிளகாய்த் தோட்டத்தின் மூலையில் கொட்டில் போட்டோம். தோட்டக்காரர் இருக்க இடம் தந்தார். அதற்காக என் மனிசன் அவருடைய தோட்டத்தில் வேலை செய்தார். மண் வேலை அவருக்கு ஒன்றும் தெரியாது. மிளகாய்க் கன்றையும் கத்தரிக் கன்றையும் பிரித்துப் பார்க்கவே கன நாள் சென்றது. கடலில் காற்று மாறுவதை முகத்தைத் திருப்பாமலே சொல்லக்கூடிய மனிசன், இங்கே வந்து அடுத்தவர் ஏவினதைச் செய்துகொண்டு நின்றார். அவருக்கு அது வெட்கம். எனக்கு எரிச்சல்.

மிளகாய் இலை சுருளத் தொடங்கினால் மருந்தடிக்க வேண்டும். மருந்து என்று நாங்கள் சொல்வது பூச்சிநாசினியை. எந்தப் புண்ணியவான் அதற்கு அப்படிப் பேர் வைத்தானோ தெரியாது. பொருளாதாரத் தடை இருந்த காலம். சவர்க்காரமே பார்த்துப் பார்த்துப் பாவித்த எங்களுக்கு மெசினின் உதிரிப்பாகம் எங்கே கிடைக்கும்? தோட்டக்காரரிடம் இருந்தது முதுகில் சுமந்து அடிக்கிற மெசின். அடியில் ஒழுகாமல் பிடிக்கிற வாசர் தேய்ந்துபோய், சைக்கிள் ரியூப்பில் துண்டு வெட்டி வைத்துக் கட்டியிருந்தார்கள். அது ஒழுகும். ஒழுகும் என்று தோட்டக்காரருக்கும் நன்றாகத் தெரியும். மலையகத்திலிருந்து வந்து அங்கே குடியிருந்த வேலையாட்கள், முதுகு நனைந்தால் மெசினை இறக்கி வைத்துவிட்டு நேரே வாய்க்காலுக்குப் போய் முழுகிவிட்டுத்தான் மற்ற வேலை பார்ப்பார்கள். தேயிலைக்கு மருந்தடித்த சனம், அவர்களுக்கு அதன் குணம் தெரிந்திருந்தது. என் மனிசன் இறக்கவில்லை.

கடலுக்குப் போகிறவன் நனையாமல் வருவதில்லை. வந்து சட்டை மாற்றுகிற பழக்கமும் எங்கள் ஆட்களிடம் இல்லை. ஈரம் உடம்பிலேயே காய வேண்டும். ஈரச் சட்டையைக் கழற்றினால்தான் தடிமன், காய்ச்சல் பிடிக்கும், உடம்போடு காய்ந்தால் ஒன்றும் செய்யாது என்பது கரையில் எல்லாரும் சொல்வது. என் தகப்பனும் அப்படித்தான், தமையன்மாரும் அப்படித்தான். அன்றைக்குக் காலையில் மெசின் ஒழுகி முதுகு நனைந்தபோது அது என் மனிசனுக்கு வெறும் ஈரம். வெயிலில் காய்ந்தது, திரும்ப நனைந்தது, திரும்பக் காய்ந்தது. மத்தியானம் நான் சோறு கொண்டு போனபோது, "சட்டை மணக்குது, கழட்டுங்கோவன்" என்றேன். "கடல் நனைச்சதை விடவோ?" என்று சிரித்துவிட்டு மரவள்ளிக் கிழங்கைப் பிட்டுச் சாப்பிட்டார்.

பின்னேரம் வரப்பில் விழுந்துவிட்டார். ஆட்கள் கூப்பிட்டு நான் ஓடிப்போன போது வாயால் எச்சில் ஊற்றிக்கொண்டிருந்தது. உடம்பெல்லாம் வேர்வை. கண்ணைத் திறந்து பார்க்கிறார், ஆனால் என்னைக் காணவில்லை. தோட்டக்காரர் தன்னுடைய லாண்ட்மாஸ்டர் உழவு மெசினைக் கொண்டுவந்து அதன் பெட்டியில் ஏற்றினார். அந்த உதவியை நான் மறக்கவில்லை. அதற்குப் பிறகு அவர் செய்ததையும் மறக்கவில்லை.

ஆஸ்பத்திரி அப்போது ஒரு பள்ளிக்கூடத்தில் நடந்தது. அதுவும் எங்களைப் போல இடம்பெயர்ந்து வந்ததுதான். உள்ளே கொண்டு போனதும் தாதி மிஸ்ஸி கேட்ட முதல் கேள்வி, "என்ன குடிச்சவர்?"

"குடிக்கேல்லை மிஸ்ஸி. மருந்தடிச்சவர். சட்டையெல்லாம் ஊறிப்போச்சு" என்றேன்.

அவா என்னை விட்டுவிட்டுத் தோட்டக்காரரைப் பார்த்தா.

"எனக்குத் தெரியாது மிஸ்ஸி. விழுந்து கிடந்தவர். பக்கத்தில மருந்துப் போத்தில் திறந்தபடி கிடந்தது" என்றார் அவர்.

ஒவ்வொரு சொல்லும் உண்மை. அரிச்சந்திரன்கூட அவ்வளவு திருத்தமாகச் சொல்லியிருக்க மாட்டான். மருந்து கலக்கிற இடத்தில் மருந்துப் போத்தில் கிடக்காமல் வேறு என்ன கிடக்கும்? மெசின் ஒழுகினதைப் பற்றி அவர் வாயே திறக்கவில்லை. பழி ஓரிடம் பாவம் ஓரிடம் என்பது அதுதான்.

மூக்கால் குழாய் விட்டு வயிற்றைக் கழுவினார்கள். மரவள்ளிக் கிழங்குதான் வந்தது. ஊசி போட்டார்கள். கொஞ்சம் தெளிந்தார். சட்டை மேலேயே ஒரு போர்வையைப் போர்த்தினார்கள். கொஞ்ச நேரத்தில் திரும்ப எச்சில், திரும்ப வேர்வை, நெஞ்சு கரகரவென்று இரைந்தது. இன்னும் ஊசி. தெளிவார், பிறகு விழுவார். ஊசிமருந்து கையிருப்பில் கனக்க இல்லை என்று அவர்கள் தங்களுக்குள் கதைத்தது என் காதில் விழுந்தது. "நிறையக் குடிச்சிருக்கிறார்" என்று டொக்டர் சொன்னார்.

நான் பக்கத்தில் நின்று "குடிக்கேல்லை, குடிக்கேல்லை" என்று சொல்லிக்கொண்டே இருந்தேன். ஒருவரும் கேட்கவில்லை. இப்போது யோசித்தால் ஒரு விசயம் விளங்குகிறது. அந்தக் காலத்தில் நஞ்சு குடித்துவிட்டு அங்கே வந்து கிடந்தவர்கள் எத்தனையோ பேர். அவர்கள் எல்லாருடைய பெண்சாதிமாரும் நான் சொன்னதைத்தான் சொல்லியிருப்பார்கள். எல்லாரும் சொல்கிற பொய்யும் நான் சொன்ன உண்மையும் ஒரே சொல்லாகப் போய்விட்டது. விளங்குகிறது என்பதற்காக எனக்குக் கோபம் தணிந்துவிட்டது என்று நினைக்க வேண்டாம்.

அங்கே கூட்டித் துடைத்துக்கொண்டு நின்ற ஒரு மனுசி இன்னொருத்தியிடம், "மனிசி வாய்க்காரி போல. அவர் வேற என்ன செய்யிறது" என்றாள்.

அதோடு எனக்கு நிதானம் போய்விட்டது. மிஸ்ஸியின் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போனேன். "வாயை மணந்து பாருங்கோ" என்றேன். அவா மிரண்டுபோய்க் குனிந்தா. "இப்ப சட்டையை மணந்து பாருங்கோ" என்று போர்வையை இழுத்து எறிந்துவிட்டு, சட்டையைக் கழுத்திலிருந்து கீழே கிழித்தேன். பழஞ்சீலை மாதிரி வந்தது. வார்டு முழுக்க அந்த நாற்றம் எழும்பியது. முதுகு சிவந்து, தோல் ஊறிப்போய்க் கிடந்தது. சத்தம் கேட்டு வந்த டொக்டர் முதுகைப் பார்த்தார். பிறகு மிஸ்ஸியைப் பார்த்தார்.

"உந்தச் சட்டையை முதலே கழட்டியிருக்கோணும்" என்றார். "தண்ணி கொண்டு வாங்கோ. சவர்க்காரமும்."

இடுப்புச் சாரத்தையும் களைந்து, முதுகு, தலை, கை எல்லாம் வாளி வாளியாக ஊற்றிக் கழுவினார்கள். அதற்குப் பிறகு போட்ட ஊசி நின்று பிடித்தது. வயிற்றைக் கழுவிக்கொண்டிருந்த நேரமெல்லாம் நஞ்சு முதுகால் உள்ளே போய்க்கொண்டிருந்திருக்கிறது, அதைப் போர்வையால் வேறு மூடி வைத்திருக்கிறார்கள். நான் வைத்தியம் அறிந்து சட்டையைக் கிழிக்கவில்லை. மானத்துக்காகக் கிழித்தேன். அவர் பிழைத்தது அந்தக் கோபத்தால்தான், ஆகையால் என் கோபத்தைப் பற்றி யாரும் எனக்குப் புத்தி சொல்லத் தேவையில்லை.

உயிர் மிஞ்சியது, பேர் மிஞ்சவில்லை. ஊர் வாயை மூட உலைமூடி ஏது? கொட்டிலுக்குத் திரும்பி வந்தபோது, நாங்கள் வரமுதலே கதை வந்து குந்தியிருந்தது. மாதா கோயிலில் பூசை முடிந்ததும் பெண்கள் என் கையைப் பிடித்துவிட்டுப் போனார்கள், செத்தவீட்டில் பிடிப்பதுபோல. சாமியாரும் வந்தார். நல்ல மனிசன். தற்கொலைக்கு எத்தனிப்பது பெரிய பாவம், ஆனால் ஆண்டவருடைய இரக்கம் அதைவிடப் பெரியது, பாவசங்கீர்த்தனம் செய்தால் மனம் ஆறும் என்றார்.

"செய்யாத பாவத்தை எப்பிடிச் சுவாமி சொல்லுறது?" என்றார் என் மனிசன். "அது பொய்யெல்லோ."

சாமியார் என் மனிசனின் தலையைத் தடவிவிட்டுப் போனார். அவரும் நம்பவில்லை.

சில கிழமை சென்று, என் மனிசனுக்குக் கெண்டைக்கால் உளையத் தொடங்கியது. பாதத்தில் எறும்பு ஊர்கிறது என்றார். பிறகு ஒருநாள், கிணற்றடிக்குப் போனவர் ஒரு செருப்போடு திரும்பி வந்தார். மற்றது வழியில் கழன்றது அவருக்குத் தெரியவேயில்லை. பாதத்தைத் தூக்க முடியவில்லை, நுனி கீழே தொங்கியது. வள்ளத்தில் நின்று தொழில் செய்கிறவனுக்குக் கால்தான் எல்லாம். அலையைப் பாதம்தான் முதலில் அறியும். கரைக்குத் திரும்பிப் போகிற காலம் வந்தால் இந்தக் காலோடு எங்கே நிற்பது என்று அவர் வாய்விட்டுச் சொல்லவில்லை. பாதத்தைப் பார்த்துக்கொண்டே இருந்தார்.

ஆஸ்பத்திரி டொக்டர் பார்த்துவிட்டு, இது அந்த நஞ்சு நரம்பில் செய்கிற வேலையாக இருக்கலாம் என்றார். நஞ்சுபற்றி ஆராய்ச்சி செய்கிற ஒரு டொக்டர் வெளியிலிருந்து இடைக்கிடை வருகிறார், நரம்பு பார்க்கத் தெரிந்தவர் அவர் ஒருவர்தான், அவரிடம் காட்டுங்கோ என்றார். அவர் வருகிற நாளன்று விடியப் புறப்பட்டுப் போய் வாங்குப் பலகையில் குந்தியிருந்தோம்.

இளம் டொக்டர். மேற்படிப்புக்காகச் செய்கிற ஆராய்ச்சி என்றார். மரியாதையான ஆள், எங்கள் இரண்டு பேரையும் கதிரையில் இருக்கச் சொன்னார். வயதைக் கேட்டார், தொழிலைக் கேட்டார். பிறகு, "குடிக்கேக்குள்ள தனிய இருந்தனீங்களோ?" என்றார்.

"அவர் குடிக்கேல்லை" என்றேன். ஒழுகின மெசினையும் சட்டையையும் முதுகையும் எல்லாவற்றையும் சொன்னேன். அவர் பொறுமையாகக் கேட்டுவிட்டுப் பேனையை மூடினார்.

"அம்மா, நான் செய்யிறது நஞ்சு குடிச்ச ஆக்களைப் பற்றின ஆராய்ச்சி. தோலால போனது வேற. அதை இதுக்குள்ள சேர்த்தால் முடிவு பிழைச்சுப் போம்."

"அப்ப தோலால போனதை ஆர் ஆராய்ச்சி செய்யினம்?"

"இப்போதைக்கு ஒருத்தரும் இல்லை."

"சரி, ஆராய்ச்சி வேண்டாம். காலை ஒருக்காப் பாருங்கோ."

"எனக்குத் தந்திருக்கிற அனுமதியும் நேரமும் இதுக்கு மட்டும்தான் அம்மா. வெளியில இன்னும் எத்தினை பேர் இருக்கினம், பாருங்கோ."

ஊர் முழுக்க இந்த மனிசன் குடித்தான் என்கிறது. கோயில் குடித்தான் என்கிறது. முதன்முதலாக ஒருவர் இல்லை, குடிக்கவில்லை என்று ஒத்துக்கொள்கிறார், அதற்காகவே எழும்பிப் போ என்கிறார். மேசையைக் கவிழ்த்துவிடலாமா என்று பார்த்தேன். சட்டையைக் கிழித்த கை அது.

அப்போது என் மனிசன், "குடிச்சனான் டொக்டர்" என்றார்.

டொக்டர் நிமிர்ந்தார். "இப்ப மனிசி இல்லையெண்டு சொல்லுறா?"

"வெக்கத்தில சொல்லுறா. நானும் வெக்கத்திலதான் சொல்லேல்லை."

அவர் உடனே நம்பிவிட்டார். நாங்கள் இரண்டு பேரும் இத்தனை நாள் தொண்டை கிழியச் சொன்ன உண்மையை ஒருவரும் நம்பவில்லை, இந்தப் பொய்க்கு அவர் ஒரு சாட்சியும் கேட்கவில்லை. "கனபேர் முதல்ல அப்பிடித்தான் சொல்லுவினம்" என்று ஆறுதலாகச் சொல்லிவிட்டுப் பேனையைத் திறந்தார்.

"என்ன காரணம்? கடனோ, தீராத நோய் வருத்தமோ, குடிவெறியோ, வீட்டுச் சண்டையோ?"

அவருடைய தாளில் வேறு காரணத்துக்கு இடமில்லை. என் மனிசன் வெறி பாவிப்பதில்லை, நோய் நொடியும் இருந்ததில்லை. கடன் தர எங்களுக்கு ஆரும் இல்லை. என்னைத் திரும்பிப் பார்த்தார். மன்னிப்புக் கேட்கிற பார்வை அது. சாமியாருக்கு முன்னால் சொல்லமாட்டேன் என்று நின்ற மனிசன்.

"வீட்டுச் சண்டை."

"ஆரோட?"

"மனிசியோட."

டொக்டர் என் பக்கம் திரும்பினார். "உண்மையோ அம்மா?"

கதிரைக்குக் கீழே என் மனிசனுடைய பாதம் செத்த மீன் மாதிரிச் சரிந்து கிடந்தது.

"ஓம்" என்றேன்.

அதற்குப் பிறகு எல்லாம் ஒழுங்காக நடந்தது. கட்டிலில் ஏற்றிப் படுக்க வைத்து, சின்னச் சுத்தியலால் தட்டி, ஊசியால் குத்திக் குத்திக் கேட்டு, நல்ல வடிவாகப் பார்த்தார். நரம்பு பழுதாகியிருக்கிறது, இதற்கு மருந்து கிடையாது, பாதத்துக்குப் பலகை வைத்துக் கட்டி நடந்து பழகுங்கோ, சிலருக்குத் தேறும், சிலருக்குத் தேறாது என்றார். எப்படி மடக்கி நீட்ட வேண்டும் என்று செய்தும் காட்டினார். சொன்னபடி நாங்கள் செய்தோம். வலது கால் பிறகு தேறியது. இடது கால் தேறவில்லை. அவர் வள்ளத்தில் ஏறவேயில்லை.

அன்றைக்கு அவரைத் தாங்கிக்கொண்டு வெளியே வரும்போது டொக்டர் என்னை மட்டும் வாசலில் நிறுத்தினார். குரலைத் தாழ்த்தி, மிகவும் அன்பாக, "அம்மா, இனி அவரோட சண்டை பிடியாதேங்கோ. அடுத்தமுறை காப்பாத்த ஏலாமல் போம்" என்றார்.

"ஓம் டொக்டர்" என்றேன்.