பெரிய எழுத்துப் புரோகிராம்

எண்பதுகளின் கடைசியில் காரைக்காலில் ஒரு சங்கத்து ஆபீசில் பியூனாக இருந்தேன். விவசாயிகளுக்கு உரம் கொடுக்கிற சங்கம். அங்கே ஒரு கம்ப்யூட்டர் வந்தது. அதற்கென்று ஏசி போட்டார்கள். மேனேஜருக்கே ஃபேன்தான். சித்திரை வெயிலில் தூசி தட்டுகிற சாக்கில் நான் அந்த அறையிலேயே நின்றுவிடுவேன்.

மெஷினை ஓட்டியது தருமபுரத்துப் பெண் ஒருத்தி. தற்காலிக வேலை. எந்த ஊரில் யாருக்கு எத்தனை மூட்டை என்று கேட்டால் மெஷின் தேடி எடுத்துக் கொடுக்கும்படி அவள்தான் எழுதி வைத்திருந்தாள். எல்லாம் இங்கிலீஷ், எல்லாம் சின்ன எழுத்து. எனக்கு எந்த எழுத்தும் தெரியாது. தாளைப் பார்த்தால் கடுகு கொட்டின மாதிரி இருக்கும்.

ஒருநாள் மேனேஜர் அந்தத் தாளோடு வந்தார்.

"ஏம்மா, மெஷினுக்குப் போடுற உத்தரவெல்லாம் பெரிய எழுத்துல போடு. நாம வச்ச பேரெல்லாம் சின்னதுல இருக்கட்டும். எல்லா எடத்துலயும் அப்படித்தானாம்."

"எப்படிப் போட்டாலும் மெஷின் கேக்குது சார்."

"மெஷினுக்கு இல்லம்மா. நாளைக்கு வேற ஒருத்தர் வந்தா படிக்கணும்ல."

அவர் போனதும் அவள் என்னிடம் கேட்டாள்.

"அண்ணே, யாராவது வர்றாங்களா?"

"எனக்கென்னம்மா தெரியும். நாற்காலி எதுவும் புதுசா வாங்கல."

"நான் மாத்த மாட்டேண்ணே. எல்லாரும் படிச்சுட்டா என்னை எதுக்கு வச்சிருக்கப் போறாங்க."

மாற்றவில்லை. ஆனால் லீவும் எடுக்க முடியவில்லை. அவள் காய்ச்சலில் படுத்தாலும் கூட்டிவர என்னை சைக்கிளில் அனுப்புவார்கள்.

"உங்களுக்கு வேற வேலையே இல்லையாண்ணே?"

"இதுதாம்மா வேலை. ஏறு."

பிறகு அவளுடைய அம்மாவுக்குத் தஞ்சாவூரில் ஆபரேஷன் என்று ஆனது. கூட இருக்க வேறு ஆள் இல்லை. லீவு கேட்டாள். "நீ போயிட்டா இதை யாரும்மா பாக்குறது?" என்றார் மேனேஜர்.

அன்றைக்கு அவள் மத்தியானம் சாப்பிடவில்லை. ஒரு பொத்தானை அழுத்துவதும், ஒரு வார்த்தை அடிப்பதும், திரும்ப அதே பொத்தானை அழுத்துவதுமாக இருந்தாள். சாயங்காலம் பிரிண்டரில் வந்த தாளைக் கிழித்து அவளிடம் கொடுத்தேன். வரிக்கு வரி வேலிக்கால் நட்ட மாதிரி பெரிய எழுத்துகள் நின்றன.

லீவு கிடைத்தது. திரும்பி வந்தபோது அவள் நாற்காலியில் புதுச்சேரியிலிருந்து வேலைக்கு ஆர்டரோடு வந்த ஒருவன் உட்கார்ந்திருந்தான். மேனேஜர், "சொல்லி அனுப்புறேம்மா" என்றார். அவன் எழுந்து நின்றான்.

"ரொம்பத் தெளிவா எழுதியிருக்கீங்கக்கா. யார்கிட்டயும் ஒண்ணும் கேக்க வேண்டியிருக்கல."

"அதுக்குத்தான் எழுதினேன்" என்றாள்.

அம்மா எப்படி இருக்காங்க என்று கேட்டேன். "நடக்குறாங்கண்ணே" என்று சொல்லிவிட்டு, மேசைக்குள் இருந்த தன் டிபன் டப்பாவை எடுத்துக்கொண்டு போனாள்.