ஏகாம்பரத்தின் ஊமை ராடுகள்

"பேசு பாய்" என்று அதட்டுகிறார் ஏகாம்பரம்.

தூண்டில் ராடின் நுனி வளையம் கடைக்காரர் அப்துல் ரசாக்கின் தொண்டைக்குழியைத் தொட்டுக்கொண்டிருக்கிறது. கைப்பிடி ஏகாம்பரத்தின் வலது கையில். "இன்னாத்த பேசறது அண்ணாத்தே? கடைல ஆளு கீறாங்க" என்று நெளிகிறார் ரசாக். "எதுனா பேசு. கரண்ட் பில்லு எவ்ளோ வந்துச்சின்னு பேசு." ரசாக் பேசுகிறார். பில்லை நினைத்ததும் குரல் தானாகவே உயர்கிறது. ஏகாம்பரம் கண்களை மூடி உள்ளங்கையால் கேட்கிறார். பிறகு உதட்டைப் பிதுக்குகிறார். "ஊமை. அடுத்தத எடு."

அம்பத்தூரில் இருக்கும் அந்தச் சின்னக் கடைக்கு ஞாயிற்றுக்கிழமை காலையில் வருகிறவர்கள் இதற்குப் பழகிவிட்டார்கள். பேச்சின் அதிர்வு நுனியில் ஏறி, ராடு முழுக்க ஓடி, கைக்கு வந்து சேர்ந்தால் அது ராடு. சேராவிட்டால் துணி காயப்போடுகிற கம்பு. இது ஏகாம்பரத்தின் கட்சி. ஒவ்வொரு ராடிலும் பளபளவென்று ஒட்டியிருக்கும் 'அதிக உணர்திறன்' ஸ்டிக்கரை அவர் நகத்தால் சுரண்டிக்கொண்டே திட்டுவார். "எல்லாத்துக்கும் இதையே ஒட்டிக்கினு கீறான் பாய். ஒருத்தனாவது இது ஊமைன்னு ஒட்டுறானா?"

அவர் பிடிப்பது விரால். மண்புழுவைக் கோத்துப் போட்டுவிட்டுக் கரையில் உட்கார்ந்து பீடி குடிக்கிற ஆள் இல்லை அவர். ஸ்பின்னர் போடுவார். ஒரு துண்டுக் கம்பி, அதில் சுழலும் சின்னத் தகடு, அடியில் கொக்கி. எறிந்துவிட்டு, தூண்டில் நரம்பு சுற்றியிருக்கும் ரீலைச் சுற்றிக்கொண்டே இருக்க வேண்டும். தண்ணீருக்குள் தகடு சுழலுகிற சுழற்சி, அந்த நரம்பு வழியாக ராடில் ஏறிக் கையில் துடிக்கும். ஆகாயத்தாமரை வேர் மாட்டினால் துடிப்பு தடிக்கும். விரால் பின்னாலேயே வந்து கவ்வினால், இழுப்பு தெரிவதற்கு முன்னால் அந்தத் துடிப்பு சட்டென்று நிற்கும். நின்றதை உணர்ந்த நொடியில் வெட்டி இழுத்தவனுக்கு மீன் கிடைக்கும். மற்றவன் வெறும் தகட்டைப் பார்த்துக்கொண்டு நிற்க வேண்டியதுதான்.

அதனால் ராடுகளை அவர் மனிதர்களைப் போலத்தான் தரம் பிரித்து வைத்திருக்கிறார். தடித்த ஃபைபர் ராடு ஊமை. விறைப்பான ராடு பொய்யன். "புல்லு பட்டா கூட மீனு மீனுன்னு கத்துவான். நெஜமாவே மீனு மாட்டுனா, அதோட வாய கிழிச்சி உட்டுடுவான்." ஸ்பின்னர் மாதிரி ஓடுகிற பொய் இரைக்கு வேண்டியது நடுவாந்திரமான ராடு. மீன் இழுத்தால் பாதி வரை வளைந்து கொடுக்க வேண்டும், அதே சமயம் நடப்பதை மறைக்காமல் சொல்ல வேண்டும். அப்படிப்பட்டவை ரசாக்கின் கடையில் கண்ணாடி அலமாரிக்குள் பூட்டுப் போட்டு நிற்கின்றன. விலையைப் பார்த்தால் நமக்கே மூச்சு முட்டும். ஏகாம்பரத்துக்கு முட்டாது, கொதிக்கும். "கொறஞ்ச வெலைல வாங்கறவனுக்கு உணர்ச்சி வாணாவா? இன்னா நாயம் பாய் இது?" என்று அந்தப் பூட்டைப் பார்த்தே கேட்பார்.

பொதுவாகவே அவருக்குக் கோபம் ஜாஸ்தி. கொரட்டூர் ஏரியில் கழிவுநீரைத் திறந்துவிடுகிறவர்கள் மேல், கரையில் குப்பை கொட்டுகிறவர்கள் மேல், மழை வரும் என்று சொல்லி வராமல் போனால் அதைச் சொன்னவர் மேல், தன் மொபெட்டின் ஸ்பார்க் பிளக் மேல். ஐம்பதைத் தாண்டிய ஒல்லி உடம்பு, கம்பெனி கொடுத்த நீலச் சட்டை. சட்டையில் ஒரு பட்டன் எப்போதும் இடம் மாறிப் பூட்டியிருக்கும். யாராவது சுட்டிக்காட்டினால் அவர்கள் மேலும் பாய்வார். யார் மேல் பாய்ந்தாரோ அவர் வீட்டுக்கே மறுநாள் மீனும் கொடுத்தனுப்புவார். அதனால் தெருவில் அவரை யாரும் பகைத்துக்கொள்வதில்லை.

ஆனால் கொஞ்ச காலமாக மீன் வருவதில்லை. ஒரு ராடை வாங்குவார், ஏரிக்குப் போவார், அடுத்த ஞாயிறு செத்த ராடு என்று திருப்பிக்கொண்டு வருவார். ரசாக்கும் பழகின தோஷத்துக்கு முகம் சுளிக்காமல் மாற்றிக் கொடுத்துக்கொண்டிருந்தார். ஒரு ஞாயிறு அந்தப் பொறுமை தீர்ந்தது.

அன்று ஏகாம்பரம் திருப்பிக் கொண்டுவந்தது ரசாக்கே தேடிப்பிடித்துக் கொடுத்த ராடு. கார்பன் கலந்தது, பாதி வரை வளைவது, விலையும் அடக்கம். கடையிலிருந்த மற்ற ராடுகளை எல்லாம் ரசாக்கின் தொண்டையில் வைத்துப் பார்த்து ஊமை, ஊமை என்று தள்ளிவிட்டு, கடைசியில் இதையும் வைத்தார். "இது பொணம் பாய். பொணத்த என் தலைல கட்டிக்கீற."

ரசாக் ராடை வாங்கித் திருப்பினார். நுனியை ஏகாம்பரத்தின் தொண்டையில் வைத்தார், கைப்பிடியைத் தன் கையில் பிடித்தார். "இப்ப நீ பேசு."

"இன்னாத்த பேசணும்?" என்றார் ஏகாம்பரம். அவ்வளவுதான். ரசாக்கின் முகம் மாறியது. கோபமாக இருந்த மனிதர் தணிந்த குரலில் சொன்னார், "நல்லா பேசுது அண்ணாத்தே. நீ எச்சி முழுங்கறது கூட தெரியுது."

"அப்ப நான் பொய் சொல்றனா?"

"ராடு மேல தப்பில்லன்றேன்." ரசாக் அவருடைய வலது கையைப் பிடித்து, சுட்டுவிரல் நுனியை நறுக்கென்று கிள்ளினார். ஏகாம்பரம் கையை இழுக்கவில்லை. கிள்ளியது அவருக்குத் தெரியவே இல்லை.

இங்கே நமக்கும் கொஞ்சம் கோபம் வரத்தான் வேண்டும். ஏகாம்பரம் அம்பத்தூர் எஸ்டேட்டில் ஒரு பவுண்டரியில் கிரைண்டர் பிடிக்கிறவர். அச்சிலிருந்து வரும் இரும்பு உருப்படிகளின் பிசிறை, கையில் பிடித்த மெஷினால் தேய்த்து எடுக்கும் வேலை. ஷிப்டு முழுக்க அந்த மெஷின் கையில் கிடந்து உதறும். மீசை அரும்பிய வயதில் பிடித்தது, இன்னும் கீழே வைக்கவில்லை. மார்கழிக் காலையில் விரல் நுனிகள் சுண்ணாம்பாய் வெளுத்துப்போகும். இதைச் சொல்லிக்கொண்டு கம்பெனி டாக்டரிடம் போனபோது, வெட்டுக்காயம் உண்டா, ரத்தம் வந்ததா என்று கேட்டார்கள். இல்லை என்றார். விரல் பத்தும் இருக்கிறதே, அப்புறம் என்ன என்றார்கள். ஒரு விரல் துண்டாகி விழுந்திருந்தால் விபத்து என்று எழுதியிருப்பார்கள், நஷ்ட ஈடு என்று ஏதோ கொஞ்சமாவது கிடைத்திருக்கும். பத்து விரலும் உள்ளுக்குள்ளேயே செத்துப்போனால் கம்பெனிக் கணக்கில் அதற்கு எந்தப் பெயரும் கிடையாது. மெஷினின் பெரிய அதிர்வு, தகட்டின் சின்ன அதிர்வைத் தின்றுவிட்டது. ஏகாம்பரமோ கம்பெனியைத் திட்டாமல் ராடுகளைத் திட்டிக்கொண்டிருந்தார், கம்பெனியைத் திட்டினால் திங்கட்கிழமை என்ன ஆகும் என்று அவருக்குத் தெரியும்.

அன்று அதே ராடைத் தூக்கிக்கொண்டு வீட்டுக்கு வந்து மூலையில் எறிந்தார். மனைவி லோகநாயகி அதே எஸ்டேட்டில் ஒரு துணிக் கம்பெனியில் பட்டன் துளை தைக்கும் காஜா மெஷின் ஓட்டுகிறவர். கணவன் கையிலிருந்து டம்ளர் நழுவுவதையும் பட்டன் இடம் மாறுவதையும் பார்த்து அவர் என்றைக்கோ புரிந்துகொண்டிருந்தார். "வெரலு மரத்துப்போச்சின்னு வாய தொறந்து சொல்லேன். அதுல இன்னா கேவலம்?"

"மரத்துப்போவல! ராடு சரியில்ல!"

"ஊர்ல கீற ராடு அத்தினியுமா சரியில்ல?"

ஏகாம்பரம் வெடித்தார். "கம்பெனிக்கு கைய குட்த்தேன், சோறு துன்னேன். சரி, ஒத்துக்கறேன். இந்த ஒண்ணு எனக்குன்னு இருந்துச்சி. மீனு வந்து தொட்டா எனக்கு தெரியும். அதையும் துன்னுட்டானுங்களே!" கோபத்தில் ஆரம்பித்த குரல் கடைசி வார்த்தையில் உடைந்தது. தன் குரல் உடைந்ததற்கும் அவருக்குக் கோபம் வந்தது.

சாயங்காலம் அவர் ஏரிக்குக் கிளம்பியபோது லோகநாயகியும் செருப்பை மாட்டினார். இத்தனை வருஷத்தில் அவர் கரைக்கு வந்தது அதுதான் முதல் தடவை. வழியெல்லாம் ஏகாம்பரம் வேண்டாம் வேண்டாம் என்று முறைத்துக்கொண்டே வந்தார். கரையில் ஆகாயத்தாமரை இல்லாத ஒரு சந்து பார்த்து நின்று ஸ்பின்னரை எறிந்தார். சுற்றினார். வழக்கமாகப் பிடிக்கிறபடி, ரீலுக்கு மேலே ராடை இறுக்கிப் பிடித்திருந்தார். ஒன்றும் வரவில்லை. மறுபடி எறிந்தார்.

பக்கத்தில் நின்ற லோகநாயகி சும்மா எட்டி, அவர் கைக்கு மேலே ராடை இரண்டு விரலால் தொட்டார். "ஐய! உள்ள இன்னாமோ ஓடுது. நம்ம மிஷினு கணக்கா கடகடன்னு."

"தகடு சுத்துது. கைய எடு."

லோகநாயகி எடுக்கவில்லை. கொஞ்ச தூரம் சுற்றியதும், "நின்னுப்போச்சி" என்றார்.

"அதெல்லாம் நிக்காது. ஒனக்கு இன்னா தெரியும்?" ஏகாம்பரம் சுற்றிக்கொண்டே இருந்தார். தாமரை ஓரத்தில் தண்ணீர் குபுக்கென்று புரண்டது. கறுத்த முதுகு ஒன்று மேலே வந்து உள்ளே போனது. நல்ல விரால். ஸ்பின்னர் வெறுமனே கரைக்கு வந்து சேர்ந்தது.

அடுத்த ஐந்து நிமிஷம் ஏகாம்பரம் போட்ட சத்தத்தை ஏரியின் எதிர்க்கரையிலும் கேட்டிருப்பார்கள். லோகநாயகியைத் திட்டினார், இன்னும் சத்தமாகச் சொல்லியிருக்கக் கூடாதா என்று. விராலைத் திட்டினார். டாக்டரைத் திட்டினார். கடைசியில், முதன்முறையாக, கம்பெனியின் பெயரைச் சொல்லி, முதலாளியின் அப்பா வரைக்கும் போய்த் திட்டினார். பக்கத்தில் தூண்டில் போட்டிருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். லோகநாயகி முந்தானையைச் செருகிக்கொண்டு, முடியட்டும் என்று நின்றார்.

மூச்சு வாங்க நிறுத்தியவர், ஸ்பின்னரில் சிக்கிய பாசியைப் பல்லால் கடித்து எடுத்துத் துப்பினார். பழைய இடத்துக்கே குறி பார்த்து எறிந்தார். சுற்ற ஆரம்பிக்கும் முன், ரீலுக்கு மேலே இருந்த தன் கையை ரீலுக்குக் கீழே இறக்கி, மேலே ஒரு கைக்கு இடம் விட்டு, லோகநாயகியின் முகத்தைப் பார்க்காமலே ராடை அவர் பக்கம் நகர்த்தினார்.