ஆண் சுறா

"இன்னாக்கா, ஒவ்வொண்ணையும் மல்லாத்திப் பாத்துகினு கீற?" என்று கேட்டாள் காசிமேட்டு மீன்காரி.

தாய்வீட்டுக்கு வந்து பிள்ளை பெற்றிருக்கும் என் மகளுக்குப் பால் ஊறச் சுறாப் புட்டு செய்ய வேண்டும். அதற்குப் பால் சுறா வாங்கப் போயிருந்தேன். தலையிலிருந்து வாலுக்குத் தடவினால் வழவழப்பு, திருப்பித் தடவினால் உப்புத்தாள். அந்தச் சொரசொரப்பு விரலில் பட்டதும் பழைய ராயபுரத்துக் குழாயடிக்குப் போய்விட்டேன்.

தம்பி பிறந்த வாரம் அது. பெரியம்மா சுறாவின் வயிற்றைக் கீறியதும் குட்டிகள் வழுக்கிக்கொண்டு வந்தன. ஒவ்வொன்றுக்கும் தொப்புள்கொடி! மீன் என்றால் முட்டைதான் போடும் என்று நினைத்திருந்தவள் நான். ஒரு குட்டியை உள்ளங்கையில் ஏந்திக்கொண்டு உள்ளே ஓடி, தம்பியின் தொப்புளுக்குப் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன்.

"கலீஜ் பண்ணாத, எட்ட எடு!" என்று கத்திய அம்மா, கொடியைப் பார்த்ததும் அடங்கிவிட்டாள். குட்டியைக் கையில் வாங்கி, "பல்லு கூட மொளைச்சிகீதுடி" என்றாள். பிறகு வெளியே பார்த்துக் குரல் கொடுத்தாள். "எக்கா, இனிமே ஆம்பள சுறாவா பாத்து வாங்கு. பெத்த வவுத்துல இது எறங்காது."

அன்றிலிருந்து எங்கள் வீட்டில் மல்லாத்திப் பார்த்துத்தான் சுறா வாங்குவோம். ஆணுக்கு அடிவயிற்றில் விரல் போல இரண்டு நீட்டிக்கொண்டிருக்கும்.

இதைச் சொன்னதும் மீன்காரி கூடையையே கவிழ்த்துத் தேடினாள். ஒன்றுகூட ஆண் இல்லை.

"எப்டிக்கா இருக்கும்? இதுங்க கரையாண்ட வர்றதே குட்டி போடத்தான்."

மணலி புதுநகர்ப் புகுந்த வீட்டிலிருந்து என் மகள் வந்ததும் அதற்குத்தான். அதுவும் பால் ஊறக் கொடுப்பதுதான் என்று, சுறாவுக்குப் பதிலாகக் காரப்பொடி மீன் வாங்கிக்கொண்டு வீட்டுக்கு நடந்தேன்.