எறும்பு வராத வீடு

எங்கள் தெருவில் எறும்பு வராத வீடு ஒன்றே ஒன்றுதான். அது மருந்து அப்பாதுரையின் வீடு.

கொசு ஒழிப்புக்காக வீடு வீடாக டிடிடி அடிக்கிற வேலையில் பதினாறு வருஷமாக இருக்கிறார். அடித்து முடித்ததும் சுவரில் தேதி எழுதிவிட்டுப் போவார். கோயிலில் வரதருக்குப் பட்டர் எப்படியோ, டிடிடிக்கு இவர் அப்படி. பவுடரை வாளியில் கொட்டி வெறுங்கையாலேயே கரைப்பார். முழங்கை வரை வெள்ளை. அந்தக் கையை வேட்டியில் துடைத்துக்கொண்டு அங்கேயே கட்டுச்சோற்றைப் பிரிப்பார். கழுவச் சொன்னால், "இது கொசுவுக்குத்தான் விஷம்பா. எனக்கு இன்னா ரெக்கையா மொளைச்சிருக்குது?" என்பார்.

மிச்சப் பவுடர் வீட்டுக்கு வரும். அரிசிப் பானைக்கு அடியில், பாய்க்கு அடியில், கொல்லை முழுக்கத் தூவுவார். ஒருமுறை தீப்பெட்டி நிறைய எறும்பு பிடித்துக்கொண்டு போய் அவர் வீட்டுக்குள் விட்டேன். கால் மணி நேரம்கூடத் தாங்கவில்லை.

ஐம்பத்தேழாவது வயதில் அவருக்குத் தாகம் வந்தது. செம்பு செம்பாகக் குடித்தார். அதே வேகத்தில் கொல்லைக்கு ஓடினார். மருந்தடிக்கும் பம்பு விழுந்து நசுங்கிய கால் கட்டைவிரல் இரண்டு மாதமாக ஆறவில்லை. டாக்டர் அவருடைய மூத்திரத்தை நீல மருந்தில் விட்டுக் காய்ச்சினார். செங்கல் நிறம் வந்தது.

"சர்க்கரை. தினம் ஊசி போட்டுக்கணும். விட்டா கால் போயிடும்" என்றார் டாக்டர்.

அப்பாதுரை சிரித்தார். "சர்க்கரைன்னா மூத்திரத்துல எறும்பு மொய்க்கணும் டாக்டர். கொழந்தைக்குக்கூடத் தெரியும். எங்க வூட்டாண்ட வந்து ஒரே ஒரு எறும்பு காட்டுங்க, ஊசி போட்டுக்கறேன். உங்க மருந்து கெட்டுப்போச்சு. என் மருந்து கெடாது."

அவர் மனைவி கிருஷ்ணம்மாள் தலையில் அடித்துக்கொண்டாள். "யோவ், எறும்பு இருந்தாதானய்யா மொய்க்கும்? நீதான் வம்சத்தையே அழிச்சி வெச்சிருக்கறியே!"

"வாய மூடும்மே" என்றார் அவர். விரல் கறுக்க ஆரம்பித்தது.

ஆடியில், தாமலில் இருக்கும் அவர் மகள் அலமு வீட்டில் அம்மனுக்குக் கூழ் ஊற்றினார்கள். நானும் போனேன், கூழுக்காகத்தான். விடிகாலையில் அவர் வரப்போரம் ஒதுங்கிவிட்டு வந்திருந்தார். வெயில் ஏறியதும் நான் அந்தப் பக்கம் போனேன். ரேஷன் கடையில்கூட அப்படி ஒரு ஒழுங்கான வரிசையை நான் பார்த்ததில்லை. ஊரையே கூப்பிட்டுக் காட்டத்தான் வாயைத் திறந்தேன். எதிரே அவர் நொண்டிக்கொண்டு வந்தார். விரலில் சுற்றிய துணியில் ஈ. வாய் தானாக மூடிக்கொண்டது.

"பெரியப்பா, நீங்க மட்டும் இங்க வாங்க."

வெகுநேரம் பார்த்தார். "இன்னாடா, சர்க்கரை கொட்னியா?"

"கூழுக்கே வெல்லம் பத்தலன்னு உங்க பொண்ணு கத்திக்கினு இருக்குது. எனக்கு எவன் சர்க்கரை தருவான்?"

குந்திக்கொண்டு கையை மண்ணில் வைத்தார். ஓர் எறும்பு விரலில் ஏறி மணிக்கட்டு வரை நடந்தது. அவர் அதை நசுக்கவில்லை. "பஸ்ஸு எத்தினி மணிக்குடா?" என்றார்.

விரல் போயிற்று. கால் தப்பியது.

அவரோடு பம்பு அடித்த மூன்று பேரில் இரண்டு பேருக்கு இப்போது சர்க்கரை. பவுடர்தான் காரணமா என்று டாக்டரைக் கேட்டேன். அவர் படித்த புத்தகத்தில் அப்படி இல்லையாம். கொசு, மூட்டைப்பூச்சி, எறும்பு எல்லாவற்றையும் கொன்ற பவுடர் அப்பாதுரைக்கு மட்டும் சொந்தக்காரன் போலிருக்கிறது.

இப்போது ஊசி போட்டுக்கொள்கிறார். ஆனாலும் டாக்டரின் நீல மருந்தை நம்புவதில்லை. கொல்லையில் ஒரு மூலையைச் சுரண்டி, பவுடர் மண்ணை அள்ளிக் கொட்டிவிட்டுப் புதுமண் போட்டிருக்கிறார். அங்கே குடியேற்ற எறும்பு வேண்டுமே. தீப்பெட்டி என்னிடம்தான் இருந்தது.

தினம் விடிகாலையில் அந்த மூலையில்தான் ஒதுங்குகிறார். வெயில் ஏறியதும் மதில்மேல் அவர் தலை தெரியும். "டேய், இன்னைக்கு நாலு பேருதான்டா வந்தானுங்க!"