பொட்டு வைத்த துப்பாக்கி

அன்றைக்கு அங்கே இருந்தவர்கள்: சார். நான். இன்ஸ்பெக்டர். கான்ஸ்டபிள் தங்கராசு. மாகறலில் இருந்து வந்த முனியம்மா. மேசை மேல் ஒரு நாட்டுத் துப்பாக்கி. அதற்குச் சந்தனம், குங்குமம்.

போன வாரம் ஆயுத பூஜைக்கு என் மகள் மிக்ஸிக்குப் பொட்டு வைத்தாள். உடனே அந்தத் துப்பாக்கி கண்ணில் வந்து நின்றது.

எழுபதாம் வருஷத்துக்குக் கொஞ்சம் முன்னே பின்னே இருக்கும். சென்னையில் துப்பாக்கி வழக்குகளைப் பரிசோதிக்கும் கூடத்தில் சார்தான் பெரியவர். நான் அவருடைய அட்டெண்டர். பஞ்சுப் பெட்டிக்குள் சுடுவேன். பஞ்சைக் கிளறிக் குண்டை எடுத்துக் கொடுப்பேன். சார் மைக்ராஸ்கோப்பில் பார்ப்பார். அவ்வளவுதான் என் வேலை.

வழக்கு இது. முனியம்மாவின் புருஷன் ஏழுமலை. வாய்க்கால் தகராறில் பங்காளியைச் சுட்டுவிட்டதாகச் சொல்லி சப்-ஜெயிலில் வைத்திருந்தார்கள். லைசென்ஸ் துப்பாக்கி. வேர்க்கடலைக் கொல்லையில் பன்றி விரட்ட வாங்கியது. "அது பரண்ல கெடக்குது, சுட்டு ரெண்டு வருஷம் ஆவுது" என்றாராம் ஏழுமலை. யார் நம்புவார்கள்?

குழல் நம்பும். சுட்டிருந்தால் கரி இருக்கும். சுடாமல் கிடந்தால் துரு இருக்கும். அதைப் பார்க்கத்தான் சாரை வரச் சொன்னார்கள்.

ஸ்டேஷன் இருந்த ஊருக்குள் ஜீப் நின்றுவிட்டது. தெருவில் தறிக்குப் பாவு நீட்டியிருந்தார்கள். அந்த முனையில் இருந்து இந்த முனை வரை அரக்கு நிறப் பட்டு நூல். காற்று வந்தால் ஏறியது. போனால் இறங்கியது. தெருவே தூக்கத்தில் மூச்சு விடுவது போல... டிரைவர் ஹாரன் அடிக்கவில்லை. சாரும் அடிக்கச் சொல்லவில்லை. எவ்வளவு நேரம் நின்றோம்? தெரியாது.

ஸ்டேஷனில் சார் துப்பாக்கியை எடுத்துக் குழலுக்குள் டார்ச் அடித்தார். கண்ணாடி போல் பளபளத்தது.

"யார் துடைச்சது?"

தங்கராசு சந்தோஷமாக முன்னால் வந்தார். "நான்தான் சார். ஆயுத பூஜைக்கு ஸ்டேஷன் துப்பாக்கி எல்லாம் துடைச்சனா... இது மட்டும் அழுக்கா கெடந்துது. மனசு கேக்கல. எண்ணெய் போட்டு, பொட்டு வச்சி, படையல்ல வச்சிட்டேன்."

இன்ஸ்பெக்டர் தலையில் கை வைத்தார். "ஏன்யா, காது குத்தி மொட்டை அடிக்கலையா?"

நம் ஊரில் சாட்சியை அழிக்க ஒருவன் கெட்டவனாக இருக்க வேண்டுமா என்ன? பக்தி இருந்தால் போதும்.

வாசலில் நின்ற முனியம்மாவுக்கு விஷயம் புரிந்துவிட்டது. அழவில்லை. "அப்ப அவரு வரமாட்டாரா சாமி?" என்றாள். சார் தங்கராசைத்தான் பார்த்தார்.

"துடைச்சப்போ உள்ளே என்ன வந்துது?"

"மண்ணு சார். குளவி கூடு கட்டி வச்சிருந்துது. கம்பி வுட்டுக் குத்திக் குத்தி எடுத்தேன். கை ரெண்டும் நோவு."

சார் மெதுவாக உட்கார்ந்தார். அந்தத் துப்பாக்கி, வாய் வழியாக மருந்தும் ரவையும் போட்டு இடிக்கிற வகை. வாயில் குளவி குடியிருந்தால் எங்கே போடுவது? எப்படிச் சுடுவது?

"ஆனா குளவி ஒரே நாள்ல கட்டிடும்" என்றார் சார். "உங்க ஸ்டேஷன்லயே கட்டுச்சுன்னு அரசு வக்கீல் சொல்வார். சம்பவம் நடந்த அன்னிக்கே பறிமுதல், மூணாம் நாள் பூஜை. இல்லையா? குஞ்சு வளர்ந்து பறந்துபோன கூடா இருந்தா, அது மூணு நாள்ல ஆகாது. வாரக்கணக்குல ஆகும். அந்த மண்ணு எங்கே?"

"பின்னாடி, வாழைக்கு அடியில கொட்டினேன் சார்."

"இந்தத் துப்பாக்கியிலேர்ந்து நான்தான் எடுத்தேன்னு கோர்ட்டுல சொல்வியா?"

தங்கராசுக்கு முகம் சின்னதாகிவிட்டது. "வேலை பூடுமா சார்?"

"போகலாம்."

வெளியே எங்கேயோ தறி அடிக்கிற சத்தம். அது பத்துப் பதினைந்து தரம் கேட்டிருக்கும். தங்கராசு முனியம்மாவைப் பார்த்தார். பிறகு தரையைப் பார்த்தார்.

"எழுதிக்கிங்க சார். நான்தான் எடுத்தேன்."

பின்கட்டுக்குப் போனோம். நல்லவேளை, மழை பெய்யவில்லை. வாழை இலை வழியாக வெயில் பச்சையாக இறங்கியது. தங்கராசு குவார்ட்டர்ஸில் இருந்து மாவுச் சல்லடை கொண்டு வந்தார். "என் வூட்டுக்காரி என்னைக் கொன்னுடுவா. அந்தக் கேஸையும் நீங்களே பாருங்க சார்." சார் சிரித்தார். அவர் சிரித்து அன்றுதான் பார்த்தேன்.

முனியம்மா குனிந்து ஒரு கட்டியை எடுக்கப் போனாள். "நீ தொடக்கூடாதும்மா" என்றார் சார். கையை முந்தானைக்குள் சுற்றிக்கொண்டு நின்றாள்.

என் துண்டை விரித்தேன். சலித்தேன். மண் புகையாகப் பறந்து வெயிலில் பொன்னாக நின்றது. சல்லடையில் வாழைச்சருகு, எறும்பு, குழலின் வளைவோடு உடைந்த மண் சில்லு... ஒன்றும் இல்லை. மறுபடி சலித்தேன். கை தானாக ஆடிக்கொண்டிருந்தது. நான் எங்கேயோ இருந்தேன்.

அப்போது பழுப்பாக ஒன்று உருண்டது. அரிசி அளவுதான். வெங்காயத் தோல் போல் மெல்லிசு. ஒரு முனையில் ஓட்டை.

சார் லென்ஸ் வைத்துப் பார்த்தார். ரொம்ப நேரம் பார்த்தார்.

"குளவிக் குஞ்சு இருந்த கூடு. பறந்துடுச்சு" என்றார். "முழுசா ஒண்ணு போதும். நான் கூண்டுல ஏறிச் சொல்லிடுவேன். இந்தத் துப்பாக்கி சுடலை."

முனியம்மா அப்படியே மண்ணில் உட்கார்ந்தாள். அப்போதுதான் அழுதாள்.

நான் நிறுத்தவில்லை. மிச்ச மண்ணையும் சலித்து முடித்தேன். கிடைத்ததை எல்லாம் துண்டில் வரிசையாக வைத்தேன். இன்ஸ்பெக்டர் மகஜர் எழுதப் பேனாவைத் திறந்தார்.

"காலிக் கூடு மொத்தம் எத்தனைப்பா?"

ஆறு.